மழையும் தேய்மானமும்: பழைய கார் பிரேக்குகளின் கதை

பழைய கார்களின் பிரேக் பற்றிக் கொஞ்ச நாளாகக் குறிப்பெடுத்துக்கொண்டிருக்கிறேன். வண்டியை ஓட வைப்பதைவிட நிறுத்துவதுதான் அந்தக் கால இன்ஜினியர்களுக்குப் பெரிய தலைவலியாக இருந்திருக்கும்போல. அதிலும் ஒரு இழுபறி விடாமல் துரத்துகிறது: லைனிங் நிறைய நாள் உழைக்கட்டும் என்று ஒன்றைச் செய்தால், மழையில் அது காலை வாரிவிடுகிறது.

ஆரம்ப காலக் கார்கள் பலவற்றில் டிரம்மின் வெளிப்பக்கத்தைச் சுற்றி ஒரு பட்டைதான் பிரேக். எல்லாமே திறந்து கிடக்கும். சேறு தெறித்து லைனிங்கை அரைக்கும், மழை பெய்தால் வழுக்கும். 1902-ல் லூயி ரெனோ ஷூக்களை டிரம்முக்கு உள்ளே வைத்தார். லைனிங் சேற்றிலிருந்து தப்பித்தது, ஆயுள் கூடியது. அதே வருஷம் இங்கிலாந்தில் ஃபிரெடரிக் லான்செஸ்டர் டிஸ்க் பிரேக்குக்குக் காப்புரிமை வாங்கினார். அவர் பயன்படுத்தியது செம்பு லைனிங். காதைக் கிழிக்கும் சத்தம்; புழுதி ரோட்டில் சீக்கிரமே தேய்ந்துபோனது. உழைக்காத பிரேக்கை யார் வாங்குவார்கள்? டிரம்தான் ஜெயித்தது.

ஆனால் மூடி வைத்ததற்கும் ஒரு விலை உண்டு. உள்ளே தண்ணீர் வர நேரமாகும், சரி. ஒருமுறை வந்துவிட்டால் வெளியே போகவும் நேரமாகும். ஷூ பிரேக்கில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. டிரம் சுழலும் வேகமே முன் ஷூவை இழுத்து மேலும் அழுத்தும். காய்ந்திருக்கும்போது இது வரம். நனைந்தால் உராய்வு கொஞ்சம் குறைந்தாலே அந்த உதவியும் சேர்ந்து குறையும். ஒரு சக்கரம் காய்ந்து, இன்னொன்று ஈரமாக இருந்தால் வண்டி ஒரு பக்கமாக இழுக்கும். தண்ணீரில் இறங்கி ஏறினதும் பிரேக்கை லேசாக மிதித்தபடியே கொஞ்ச தூரம் ஓட்டிச் சூடேற்றிக் காய வைக்கும் பழக்கம் இப்படித்தான் வந்தது.

லைனிங் பொருளிலும் இதே கதைதான். டெர்பிஷயரைச் சேர்ந்த ஹெர்பர்ட் ஃப்ரூட், மலைச் சரிவில் இறங்கும் வண்டிக்காரர்கள் பிரேக் கட்டையில் பழைய பூட்ஸைக் கட்டுவதைப் பார்த்துத்தான் 1897-ல் இந்தத் தொழிலில் இறங்கினார் என்று சொல்வார்கள். தன் பெயரின் எழுத்துகளைக் கலைத்துப் போட்டு, ஒரு எழுத்தைக் கூடச் சேர்த்து, ஃபெரோடோ என்று கம்பெனிக்குப் பெயர் வைத்தார். பருத்தி லைனிங் நன்றாகப் பிடிக்கும், சூடேறினால் கருகிவிடும். 1908 வாக்கில் ஆஸ்பெஸ்டாஸ் வந்தது. அது சூட்டைத் தாங்கியது. ஆனால் நெய்த லைனிங் மென்மையானது, ஈரத்தையும் எண்ணெயையும் உறிஞ்சும். அச்சில் வார்த்த கெட்டியான லைனிங் உறிஞ்சாது, நிறைய நாள் வரும். குளிர்ந்திருக்கும்போது பிடிப்பு கம்மி.

இந்த உழைப்புக்கு யார் விலை கொடுத்தார்கள் என்பதையும் சொல்லியாகணும். ராச்டேலில் ஆஸ்பெஸ்டாஸ் நூல் நூற்ற நெல்லி கெர்ஷா 1924-ல், 33 வயதில், நுரையீரல் பாழாகி இறந்தார். அவர் வேலை பார்த்த டர்னர் குழுமம்தான் அடுத்த ஓரிரு வருஷத்தில் ஃபெரோடோவையும் சேர்த்துக்கொண்டது. பிரிட்டனில் புது பிரேக் லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸைத் தடை செய்ய 1999 வரை ஆனது. பழைய டிரம்மைக் கழற்றும் யாரும் உள்ளே இருக்கும் தூசியை ஊதக் கூடாது என்பது இதனால்தான்.

1953 லெ மான் பந்தயத்தில் டன்லப் டிஸ்க் பிரேக் போட்ட ஜாகுவார் சி-டைப் கார்கள் முதல், இரண்டாம், நான்காம் இடங்களைப் பிடித்தன. ஜெயித்த காரின் சராசரி வேகம் மணிக்குச் சுமார் 170 கிலோமீட்டர். 1955-ல் சிட்ரோயன் டிஎஸ் காரின் முன்சக்கரங்களுக்கும் டிஸ்க் வந்தது. டிஸ்க் திறந்துதான் கிடக்கிறது, மழையில் நனையத்தான் செய்கிறது. ஆனால் சுழற்சியே தண்ணீரை வீசி எறிகிறது. சின்ன பேட் பலமாக அழுத்தி மிச்சத்தைத் துடைத்துவிடுகிறது. பதிலுக்கு, பேட் சீக்கிரம் தேயும்.

என் பார்வையில் உண்மையான மாற்றம் இதுதான். ஐம்பது வருஷம் லைனிங்கைத் தேயாமல் காப்பாற்றப் பார்த்தவர்கள், கடைசியில் தேயட்டும், சுலபமாக மாற்றிக்கொள்ளலாம் என்று விட்டுக்கொடுத்தார்கள். தேய்ந்த பேடைக் காசு கொடுத்து மாற்றலாம். மழையில் நிற்காத வண்டிக்கு அந்த வாய்ப்பு கிடையாது.