அல்-அஸ்ஹரின் ரிவாக்குகள்: மாணவர் தங்கிய இடங்களின் வரலாறு

உயர்கல்விக்காகப் பெருநகரம் செல்லும் பிள்ளைகளின் பெற்றோர் ஆலிம்களிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்றுண்டு: "ஹள்ரத், பையனை விடுதியில் சேர்ப்பதா, தனி அறை எடுத்துக் கொடுப்பதா?" "வீட்டைப் பார்ப்பதற்கு முன் அண்டை வீட்டாரைப் பார்" என்பது அரபுப் பழமொழி. இதைச் சிலர் நபிமொழியாகவே கூறிவிடுகின்றனர். அதன் அறிவிப்பாளர் தொடர் பலவீனமானது. எனினும் கெய்ரோவின் அல்-அஸ்ஹர் வரலாற்றைப் படிப்போருக்கு அதன் கருத்து நன்கு விளங்கும்.

கி.பி. 972இல் தொழுகைக்குத் திறக்கப்பட்ட அப்பள்ளிவாசல், கல்விக்கூடமாக வளரத் தொடங்கியபோதே தங்குமிடமும் அதனுடன் சேர்ந்து வந்தது. ஃபாத்திமிய கலீஃபா அல்-அஸீஸின் அமைச்சர் இப்னு கில்லிஸ், 988ஆம் ஆண்டளவில், 35 ஃபகீஹ்களுக்கு ஊதியம் பெற்றுத் தந்தார். பள்ளிவாசலின் அருகிலேயே அவர்கள் குடியிருக்க ஒரு வீடும் கட்டப்பட்டது. கற்பவனுக்குக் கிதாபோடு கூரையும் வேண்டும் என்பதை அவர் அறிந்திருந்தார்.

மம்லூக்குகளின் காலத்தில் தூரதேசத்து மாணவர்கள் பள்ளிவாசலுக்குள்ளேயே தங்கலாயினர். அவர்களின் இருப்பிடங்களே ரிவாக்குகள். மஃரிப் நாட்டாருக்கு ஒன்று, ஷாம் நாட்டாருக்கு ஒன்று, துருக்கியருக்கு ஒன்று, பின்னாளில் ஜாவாவினருக்கும் ஒன்று எனப் பிரிவுகள் பெருகின. வக்ஃபு வருமானத்திலிருந்து நாள்தோறும் ரொட்டி வழங்கப்பட்டது. ஒவ்வொரு ரிவாக்குக்கும் ஒரு ஷைகு பொறுப்பாயிருந்தார்.

இந்த வாழ்க்கை எவ்வளவு உறுதியற்றதாகவும் இருக்கக்கூடும் என்பதை வரலாற்றாசிரியர் மக்ரீஸீ பதிவு செய்துள்ளார். ஹிஜ்ரி 818இல், அதாவது 1415இல், அஸ்ஹரின் மேற்பார்வைக்கு நியமிக்கப்பட்ட ஓர் அமீர், உள்ளே தங்கியிருந்தோரை வெளியேற உத்தரவிட்டார். அவர்கள் 750 பேர்: பாரசீகர், ஸைலா நாட்டார், மஃரிபியர், எகிப்தின் கிராமப்புறத்தார். அவர்களுடைய பெட்டிகளும் அலமாரிகளும் வெளியேற்றப்பட்டன. ஊரில் நிலமோ உறவோ இல்லாத ஏழை மாணவன் அன்றிரவு எங்கே போயிருப்பான்? அந்த அமீரும் பின்னர் சுல்தானால் சிறைப்பிடிக்கப்பட்டார் என்று மக்ரீஸீ எழுதுகிறார். ரிவாக்குகளோ மீண்டும் நிரம்பின.

ரிவாக்கின் தலையாய பயன் இலவச ரொட்டி என்று கருதுவோர் உளர். எனக்கு அவ்வாறு தோன்றவில்லை. சுபுஹில் ஒருவன் எழவில்லையெனில் அதைக் கவனிக்க அங்கே ஆளிருந்தது. காய்ச்சல் கண்டவனிடம் அவன் தாய்மொழியில் பேச ஒருவர் இருந்தார். அதே வேளையில், பாடம் ரிவாக்கோடு கட்டுண்டதாக இல்லை. உஸ்தாத்கள் பள்ளிவாசலின் தூண்களருகே அமர்ந்து கற்பித்தனர்; எந்நாட்டு மாணவனும் எந்த உஸ்தாதின் வட்டத்திலும் அமரலாம். உறங்குவது சொந்த நாட்டாரிடையே, ஓதுவது உலகத்தாரிடையே. இவ்விரண்டில் ஒன்று குறைந்தாலும் மாணவன் இழப்புக்குள்ளாவான் என்பதே என் எண்ணம். வரலாற்றாசிரியர் அப்துர் ரஹ்மான் அல்-ஜபர்த்தீயின் முன்னோர் ஆப்பிரிக்காவின் ஜபர்த் பகுதியிலிருந்து வந்து ஜபர்த் ரிவாக்கில் சேர்ந்தவர். அந்த ரிவாக்கின் ஷைகுப் பொறுப்பு தலைமுறைகளாக அக்குடும்பத்தில் நிலைத்தது.

தனி அறையின் கதையைத் தாஹா ஹுஸைன் தம் தன்வரலாறான 'அல்-அய்யாம்' நூலில் கூறுகிறார். அவருடைய பிற்காலக் கருத்துகள் பலவற்றை உலமாக்கள் மறுத்துள்ளனர். அது வேறு விஷயம். 1902இல், பார்வையற்ற 13 வயதுச் சிறுவனாக, அஸ்ஹரில் மேற்கல்வி பயின்ற அண்ணனோடு கெய்ரோ வந்தார். இருவரும் அஸ்ஹருக்கு அண்மையில், பல குடிகள் வாழ்ந்த ஒரு கட்டடத்தில் அறை எடுத்திருந்தனர். அண்ணனுக்கு அவ்விடம் மிகவும் பொருந்தியது: நண்பர்கள், தேநீர், பாடங்களைக் குறித்த விவாதம். தம்பியோ மாலைதோறும் இருண்ட அறையில் தனியே அமர்ந்து, அடுத்த அறையிலிருந்து வரும் சிரிப்பொலியைக் கேட்டுக்கொண்டிருந்தான். அறை ஒன்றே, வாடகையும் ஒன்றே.

பிறகு ஊரிலிருந்து அவனுடைய சின்னம்மா வழிச் சகோதரன் ஒருவன் ஓத வந்து, அதே அறையில் தங்கினான். இருவரும் சேர்ந்து பாடத்திற்குப் போகத் தொடங்கினர்.