முந்திரியும் மீதமும்: தமிழ்ப் பின்ன வாய்பாட்டில் விகிதமுறு எண்ணும் விகிதமுறா எண்ணும்

விகிதமுறு எண்ணின் தசம விரிவு முடிவுறும், அன்றேல் சுழலும். விகிதமுறா எண்ணின் விரிவு முடிவதுமில்லை, சுழல்வதுமில்லை. சுருங்கிய பின்னத்தின் பகுதியில் 2, 5 தவிர வேறு பகாக்காரணி இல்லையெனில் விரிவு முடிவுறும். இவ்வளவுகோலைத் தமிழ்ப் பின்ன வாய்பாட்டின்மீது வைத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

மா 1/20; காணி 1/80; முந்திரி 1/320. இங்கு 320 என்பது 2-இன் ஆறாம் அடுக்கும் 5-உம் பெருக்கக் கிடைப்பது. ஆதலின் முந்திரி 0.003125 என முடிவுறுகிறது. முந்திரியை மீண்டும் 320 கூறிட்ட கீழ்முந்திரியும் அத்தகையதே. ஆனால் மூன்றிலொன்று இவற்றுள் அடங்குவதில்லை. 106 முந்திரி போக, ஒரு முந்திரியில் மூன்றில் இரண்டு எஞ்சும். அதனைக் கீழ்முந்திரியாக்கினால் 213 போக, ஒரு கீழ்முந்திரியில் மூன்றிலொன்று எஞ்சும். தொடங்கிய பின்னமே திரும்பி வந்துவிட்டது. இனி 106, 213 என்றே சுழலும். மூன்றால் வகுக்கும்போது மீதம் 1 அல்லது 2 மட்டுமே ஆதலின் இத்திரும்புதல் தவிர்க்கவியலாதது.

கீழ்முந்திரிக்குக் கீழ் இம்மி வருகிறது. கீழ்முந்திரிக்கு 21 இம்மி என்றும், 10½ இம்மி என்றும் கணக்குகள் வேறுபடுகின்றன. எனினும் இரண்டிலும் 3, 7 ஆகிய காரணிகள் புகுந்துவிடுகின்றன. மூன்றிலொன்றும் ஏழிலொன்றும் இப்போது மீதமின்றி அடங்கும். முதல் வாய்பாடு விட்ட குறையை நிரப்பவே இம்மி அமைந்தது என்று கருத இடமுண்டு, உறுதியாகச் சொல்வதற்கில்லை.

சதுரத்தின் கர்ணம் எந்தக் கூறிடலுக்கும் அடங்காது. போதையனார் பெயரால் இன்று பரவலாக எடுத்துக்காட்டப்படும் கர்ணச் சூத்திரம், நீளத்தில் எட்டிலொரு கூறு தள்ளி, உயரத்தில் பாதியைச் சேர்க்கச் சொல்கிறது. 3, 4 பக்கங்களுக்கு 5-உம், 5, 12-க்கு 13-உம் பிழையின்றிக் கிடைக்கின்றன. வர்க்கமூலமே தேவையில்லாத தேற்றம் இது என்னும் பெருமிதம் இங்கிருந்தே எழுகிறது. ஓரலகுச் சதுரத்திற்கோ ஒன்றேகாலே அரைக்கால், அதாவது 1.375 வருகிறது, உண்மை அளவு 1.41421... ஓசூர்த் தொழிற்கூடமொன்றில் ஒரு மீட்டர் சதுரச் சட்டத்தின் மூலைமட்டத்தைக் கர்ணம் அளந்து சரிபார்ப்பவருக்கு இது 39 மில்லிமீட்டர் பிழை, சட்டத்தையே தள்ளிவிடுவார். பின்னப் பக்கங்களுக்கு எப்போதும் பின்னத்தையே தரும் விதி, √2-ஐத் தொடவே இயலாது. நல்ல தோராய விதி என்ற மதிப்பே அதற்குப் போதுமானது.

வேறுபாட்டை வெளிப்படையாகக் கூறியவர் 1444-இல் பிறந்த திருக்கண்டியூர் நீலகண்ட சோமயாஜி. பரிதிக்கு ஆரியபடர் அண்ணளவையே தந்தது ஏன் என்று தம் ஆரியபடீய உரையில் வினவும் அவர், விட்டத்தை மீதமின்றி அளக்கும் அலகு பரிதியை அளக்கையில் மீதம் விடும், அலகை எவ்வளவு சிறிதாக்கினும் மீதம் சிறுக்குமேயன்றி அறாது என்கிறார். இம்மியால் மூன்றிலொன்று அடங்கியதற்கு நேர் எதிரான நிலை இது. அவர் நிறுவல் தரவில்லை. Π விகிதமுறா எண் என்பதை 1761-இல் லம்பெர்ட் நிறுவினார்.