வன்னியில் பல்கலைக்கழகம், வன்னியிலிருந்து மாணவர்: ஒரு கணக்கும் அதன் அரசியலும்

கிளிநொச்சி நகருக்குத் தெற்கே, ஏ-9 வீதியோரம், அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய, பொறியியல், தொழில்நுட்ப பீடங்கள் இயங்குகின்றன. வவுனியாவில் மன்னார் வீதிவழியே போனால் பம்பைமடுவில் இன்னொரு பல்கலைக்கழகம். வார இறுதியில் இவ்விரு வாசல்களிலும் பயணப்பையோடு தெற்கே போகும் பஸ்ஸுக்குக் காத்து நிற்கும் பிள்ளைகளிடையே சிங்களமும் தமிழும் கலந்து கேட்கும். அதைப் பார்க்கும் ஊரவர் பலரின் மனத்தாங்கல் ஒரே வரிதான்: காணி எங்கட, படிக்கிறது ஆர்? கேள்வி நியாயமானது. ஆனால் அதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் விடை பிழையானது. வன்னியில் படிக்கும் மாணவர் எங்கிருந்து வருகிறார் என்பதைப் பல்கலைக்கழகம் நிற்கும் நிலம் தீர்மானிப்பதில்லை. தேசிய அனுமதிச் சூத்திரமும் மாணவர் நிரப்பும் விருப்பப் பட்டியலுமே தீர்மானிக்கின்றன. வன்னிப் பிள்ளைகளின் தொகை குறைவதற்கான காரணம் அனுமதிப் படிவத்துக்கு இரண்டு ஆண்டுகள் முன்னரே, பத்தாம் பதினோராம் வகுப்பு முடியும் இடத்தில் இருக்கிறது.

சூத்திரத்திலிருந்து தொடங்கலாம். கலைத்துறை அகில இலங்கைத் திறமை வரிசையில் நிரம்புகிறது. பொறியியல், மருத்துவம், விஞ்ஞானம் போன்ற துறைகளில் 40 வீத இடங்கள் அகில இலங்கைத் திறமைக்கும், 55 வீதம் மாவட்ட மக்கள்தொகை விகிதத்துக்கும், 5 வீதம் பின்தங்கியவை எனக் குறிக்கப்பட்ட 16 மாவட்டங்களுக்கும் செல்கின்றன. வன்னிப் பெருநிலத்தில் இங்கே எண்ணும் கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா ஆகிய மூன்று மாவட்டங்களும் அந்தப் பதினாறில் அடக்கம். 2012 குடிசன மதிப்பீட்டின்படி கிளிநொச்சியில் ஏறத்தாழ 1 இலட்சத்து 13 ஆயிரம் பேர், முல்லைத்தீவில் 92 ஆயிரம், வவுனியாவில் 1 இலட்சத்து 72 ஆயிரம். மூன்றையும் கூட்டினாலும் 2 கோடி 3 இலட்சத்தைத் தாண்டிய நாட்டில் அது 2 வீதத்தை எட்டவில்லை. இப்போது நாடு முழுவதற்கும் ஒரு துறையில் 100 இடங்கள் என்று வைத்துக்கொள்வோம். மாவட்டப் பங்கான 55இல் வன்னிக்குக் கிடைப்பது ஓர் இடம். பின்தங்கிய மாவட்டப் பங்கான 5இல் கால் இடம். மீதியைத் திறமையில் பிடிக்க வேண்டும். அந்த ஒன்றேகால் பேரும் வன்னியிலேயே படிக்க வேண்டும் என்ற விதி எங்கும் இல்லை.

எந்தப் பல்கலைக்கழகம் என்பது விருப்பப் பட்டியலும் உயர்தரப் பரீட்சையின் இசட் புள்ளியும் சேர்ந்து முடிவுசெய்வது. பொறியியலுக்கு விண்ணப்பிக்கும் மாணவர் வழக்கமாக மொறட்டுவையையும் பேராதனையையும் மேலே எழுதுவார். பழைய பீடங்களின் இடங்கள் உயர்ந்த புள்ளிக்காரரோடு முடிந்துபோக, அடுத்த அடுக்கினர் புதிய பீடங்களுக்கு வருகின்றனர். கிளிநொச்சிப் பொறியியல் பீடம் தன் முதல் அணியைச் சேர்த்தது 2014இல். காலியிலிருந்தோ குருநாகலிலிருந்தோ அங்கு வருபவர் வன்னியைத் தேடி வந்தவர் அல்லர், வரிசை கொண்டுவந்து விட்டவர். அதே வரிசைதான் முல்லைத்தீவுப் பிள்ளையை ருகுணுவுக்கு அனுப்புகிறது.

இதற்கு எதிரான வலுவான வாதம், இது தற்செயல் அல்ல, குடிப்பரம்பலை மாற்றும் திட்டம் என்பது. வன்னியில் காணியும் குடியேற்றமும் பட்ட வரலாற்றை அறிந்தவர் இந்த ஐயத்தைச் சிரித்து ஒதுக்க முடியாது. 2016 ஜூலையில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விஞ்ஞான பீடத்தில் புதுமுக மாணவர் வரவேற்பில் கண்டிய நடனம் பற்றி எழுந்த மோதலும் அந்த ஐயம் எவ்வளவு மேற்பரப்பில் இருக்கிறது என்பதைக் காட்டியது. ஆனால் காலவரிசை இந்த வாதத்துக்குத் துணை நிற்கவில்லை. கிளிநொச்சியில் விவசாய பீடம் 1990இல் தொடங்கியது. வவுனியாவில் 1991இல் இணைந்த பல்கலைக்கழகக் கல்லூரி வந்து, 1997இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வளாகமாகி, 2021 ஆகஸ்ட் 1 முதல் தனிப் பல்கலைக்கழகமானது. மாவட்ட அடிப்படை அனுமதியோ 1970களிலிருந்தே வேறுவேறு விகிதங்களில் உள்ளது. தெற்கின் மாணவர் வராமலிருந்தது போரினால். போர் முடிந்ததும், முன்பே இருந்த விதி இங்கும் நடைமுறைக்கு வந்தது. குடியேறுபவர் காணி பிடிக்கிறார். மாணவரோ நான்கு ஆண்டில் பட்டத்தோடு போய்விடுகிறார். வன்னியின் உண்மையான இழப்பும் அந்தப் போதலில்தான் இருக்கிறது.

அப்படியானால் உள்ளூர் மாணவருக்குத் தனி ஒதுக்கீடு கேட்கலாமே என்பது இரண்டாவது வாதம். கேட்கலாம். ஆனால் பேராதனையைச் சூழ உள்ளவரும் அதையே கேட்டால் மறுக்க நம்மிடம் நியாயம் இராது. 1970களின் பல்கலைக்கழக அனுமதித் தரப்படுத்தலின் நினைவு யாழ்ப்பாணத்தில் ஒருவிதம், வன்னியில் இன்னொருவிதம் என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். யாழ்ப்பாண மாணவருக்குக் கதவை ஒடுக்கிய அதே மாவட்ட ஒதுக்கீடு, வசதி குறைந்த தமிழ் மாவட்டங்களுக்கு ஒரு சிறு வழியைத் திறந்தது. நம் அரசியல் பேச்சில் இந்த இரண்டாம் பாதி ஏனோ வருவதில்லை. மக்கள்தொகை வழியே பங்கிடுவதில் வேறோர் அநீதி உண்டு. அது தலைகளை எண்ணுவதால், போரில் மாண்டவராலும் நாடுவிட்டுப் போனவராலும் சுருங்கிய ஊருக்கு இடங்களும் சுருங்குகின்றன. திருத்தம் கேட்பதானால் இங்கே கேட்பதே பொருத்தம்.

யார் எங்கிருந்து வந்து எங்கே போகிறார் என்ற இந்தக் கேள்வியை ஜப்பான் வேறு முனையில் பிடித்திருக்கிறது. அங்கு கல்வி அமைச்சின் ஆண்டுப் பாடசாலைப் புள்ளிவிபரம், எந்த மாகாணத்து உயர்பாடசாலையில் படித்தவர் எந்த மாகாணத்துப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார் என்பதை அட்டவணையாகத் தருகிறது. கியோட்டோ நகரில் ஏறத்தாழப் பத்துப் பேருக்கு ஒருவர் மாணவர். அவர்களில் பெருந்தொகையினர் வெளி மாகாணத்தவர், படித்து முடிந்ததும் வெளியே போகிறவர்கள். அந்நாட்டு மருத்துவக் கல்லூரிகளில் பிரதேச ஒதுக்கீடு ஒன்று உண்டு. அதில் நுழைபவர் பட்டம் பெற்றபின் அந்த மாகாணத்திலேயே, பெரும்பாலும் ஒன்பது ஆண்டுகள், பணியாற்றக் கடமைப்படுகிறார். நமது ஒதுக்கீடு உள்ளே வருபவரோடு நின்றுவிடுகிறது. அவர்களது ஒதுக்கீடு வெளியேறுபவரையும் பின்தொடர்கிறது.

வன்னியின் முதல் தடையோ இந்த ஒதுக்கீடுகளுக்கும் முன்னால் இருக்கிறது. 1ஏபி வகைப் பாடசாலையில்தான் உயர்தர விஞ்ஞானப் பிரிவு உண்டு. 1சி வகையில் கலையும் வர்த்தகமும் மட்டுமே. இரண்டாம் வகைப் பாடசாலை சாதாரண தரத்தோடு முடிந்துவிடும். துணுக்காய்ப் பக்கத்திலோ ஒட்டுசுட்டான் பக்கத்திலோ ஒரு கிராமத்துப் பிள்ளை இணைந்த கணிதம் படிக்க விரும்பினால், முதல் கேள்வி பாட ஆசிரியர் இருக்கிறாரா என்பது. அடுத்தது, கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்பது. வசதியுள்ள வீட்டார் பிள்ளையை யாழ்ப்பாணத்துக்கு அனுப்பிவிடுவர். விண்ணப்பதாரரின் மாவட்டம் பிறந்த ஊரால் அன்றி, பரீட்சைக்கு முந்திய மூன்று ஆண்டுகளில் படித்த பாடசாலையால் தீர்மானிக்கப்படுவதால், அந்தப் பிள்ளை யாழ்ப்பாணக் கணக்கில் எண்ணப்படக்கூடும். போக வழியில்லாத பிள்ளை, அருகிலிருக்கும் பாடசாலையில் கிடைக்கும் பிரிவையே எடுக்கிறது. நாளை அது அறிவியல் நகர் வாசலைக் கடந்து பஸ்ஸில் போகலாம். ஆனால் பொறியியல் பீடத்துக்கான விண்ணப்பத்தை நிரப்பும் தகுதியை அது பதினாறு வயதிலேயே இழந்துவிட்டது.