மலையேறும் கணக்கு: ஏற்காட்டுக் கோடையின் வரலாறு

ஏற்காட்டை 'ஏழைகளின் ஊட்டி' என்று குறிக்கும் வழக்கு தமிழ்நாட்டில் நெடுநாளாக உண்டு. அதில் பரிவும் இளக்காரமும் சேர்ந்தே ஒலிக்கின்றன. ஆயினும் ஏற்காடு அமைந்த சேர்வராயன் மலையின் இரு நூற்றாண்டு வரலாற்றை நோக்கினால், இவ்வூர் செலவை எண்ணிப் பார்த்து விடுமுறை கழிப்போருக்கு உரியதாக நிலைத்ததற்கு மலையின் வறுமை காரணமன்று என்பதும், ஆட்சி தன் கோடை இருக்கையை வேறொரு மலைக்குக் கொண்டுபோனதே பெருங்காரணம் என்பதும் விளங்கும்.

1820 முதல் 1829 வரை சேலம் மாவட்ட ஆட்சியராக இருந்த எம். டி. காக்பர்ன் இம்மலையில் காப்பியையும் பேரி முதலிய பழமரங்களையும் நட்டுப் பார்த்தார். அவர் பெயரோடு சேர்த்துப் பேசப்படும் கிரேஞ்ச் எஸ்டேட் அந்தத் தொடக்கத்தின் எச்சம். அதே ஆண்டுகளில் பக்கத்து மாவட்டமான கோயம்புத்தூரின் ஆட்சியர் ஜான் சல்லிவன் உதகையில் கல் மாளிகை எழுப்பிக்கொண்டிருந்தார். ஏறத்தாழ 1870 முதல் சென்னை அரசு கோடைதோறும் உதகைக்கு இடம்பெயரத் தொடங்கியபோது, கவர்னரின் பின்னே அலுவலர்களும், அலுவலர்களின் பின்னே கடைகளும் விருந்துகளும் சென்றன. அத்தகைய ஊரில் வாடகையும் கூலியும் எந்தத் திசையில் போகும் என்பதை ஊகிப்பது கடினமன்று. காக்பர்னின் மலையிலோ அரசுக்குப் பதிலாகத் தோட்டங்களே பரவின. 1853இல் ஹோலி டிரினிட்டி தேவாலயம், 1894இல் சேக்ரட் ஹார்ட் கான்வென்ட், 1917இல் மான்ட்ஃபோர்ட் பள்ளி என அடுத்தடுத்து எழுந்தவற்றைப் பார்த்தால், தோட்டக்காரர், மறைப்பணியாளர், விடுதி மாணவர், பிள்ளைகளைப் பார்க்க வரும் பெற்றோர் ஆகியோரைக் கொண்டே இவ்வூரின் விருந்தினர் கூட்டம் உருவானது எனலாம்.

இந்தச் செலவுக் கணக்கின் மறுபாதி தொலைவிலும் உயரத்திலும் அடங்கியிருக்கிறது. சென்னையிலிருந்து வந்த இருப்புப்பாதை 1861இல் சேலத்தைத் தொட்டது. மலையடிவாரம் அங்கிருந்து சில மைல் தொலைவே. உதகைக்குப் போவோருக்கு மேட்டுப்பாளையம் வரை ரயில் கிடைக்க 1873 ஆயிற்று; மலை ரயில் குன்னூரை அடைந்தது 1899இல், உதகையை அடைந்தது 1908இல். ஏற்காட்டுக்கு மலை ரயில் ஒருபோதும் வரவில்லை. மட்டக்குதிரையிலோ, ஆள்கள் தோளில் சுமக்கும் நாற்காலி போன்ற டோலியிலோ ஏறிய மலையில், பின்னாளில் வண்டிகள் ஏறுவதற்கு ஏற்ற பாதை அமைந்தது. கொண்டை ஊசி வளைவு எனப்படும் கூர்மையான திருப்பங்கள் இருபதைக் கடந்து இன்றும் பேருந்துகள் அப்பாதையில் ஏறுகின்றன.

சேலம் நகரம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 280 மீட்டர் உயரத்திலும், ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டரிலும், உதகை ஏறத்தாழ 2,240 மீட்டரிலும் உள்ளன. ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் சுமார் ஆறரை டிகிரி குறையும் என்னும் பொது விதிப்படி, சேலத்தை விட்டு ஏறுபவர் ஏறத்தாழ எட்டு டிகிரி குளிர்ச்சியைப் பெறுகிறார். சித்திரை வெயிலுக்குத் தப்ப விரும்பும் சமவெளிக் குடும்பத்துக்கு அது போதும். உதகை அதற்கு மேலும் தரும் நான்கைந்து டிகிரிக்குக் கம்பளி உடையையும் கணப்பையும் தேட வேண்டியிருக்கும்.

காலத்தேர்வில்தான் இந்தக் கணக்கு பெரும்பாலும் தவறிவந்திருக்கிறது. 'சீசன்' என்று மலையூர்களில் சொல்லப்படும் ஏப்ரல், மே மாதங்கள் வெள்ளையர் அலுவலக நாட்காட்டியும் பள்ளி விடுமுறையும் வகுத்தவை. மலை தனக்கென வைத்திருக்கும் பருவங்கள் வேறு. கோடை மழை விழுந்ததும் காப்பிச் செடிகள் சில நாள்களுக்கு மட்டும் வெண்ணிறமாகப் பூத்து நிற்கின்றன. பழம் பறிப்பு ஆண்டின் இறுதியில் தொடங்குகிறது. கிளியூர் அருவியை மழைக்காலத்துக்குப் பின் காண்பதே தகும், கோடையில் அது பெரும்பாலும் வெறும் பாறையாகத் தெரியும். ஆயினும் அரசின் கோடை விழா மே மாதத்தில்தான் நடைபெறுகிறது. கூட்டமும் அறை வாடகையும் உச்சத்தை எட்டுவதும் அப்போதுதான். மே மாதத்தை முற்றிலும் அயலாரின் பருவம் என்று தள்ளிவிடவும் இயலாது: சேர்வராயனுக்கும் காவேரியம்மனுக்கும் உரிய மலையுச்சிக் குகைக்கோயிலில் மலையாளிகள் விழா எடுப்பதும் அம்மாதத்திலேயே. மலையாளிகள் என்ற சொல் இங்கே கேரளத்தாரைச் சுட்டாது. இம்மலையில் வாழும் தமிழ் பேசும் பழங்குடியினரையே சுட்டும்.

ஒரு நாள் பயணமாக வருவோர் ஏரி, லேடீஸ் சீட், பகோடா பாயிண்ட் ஆகியவற்றோடு திரும்பிவிடுவது வழக்கம். பெயரிலேயே கரடியைத் தாங்கிய கரடியூர் அந்தச் சுற்றுக்குச் சற்று விலகி நிற்கிறது. ஒரே மலையில், ஒரே பேருந்துக் கட்டணத்தில், மே மாத ஞாயிற்றுக்கிழமை ஏரிக்கரையில் படகுக்கு வரிசையில் நிற்பவரும், தை மாத வார நாள் ஒன்றில் தோட்டங்களில் காப்பிப்பழம் பறிக்கப்படுவதைப் பார்த்தவாறு கரடியூர்க் காட்சிமுனைக்கு நடப்பவரும் காண்பவை இரு வேறு ஊர்கள்.