எமிஸ் பதிவும் நம் பிள்ளைகளின் பெயரும்

கோட்டைப்பட்டினம் போன்ற கடலோர ஊர்களில் பள்ளி நிர்வாகம் என்றால் முன்பு சேர்க்கைப் பதிவேடும் வருகைப் பதிவேடும் தலைமை ஆசிரியர் அறையிலுள்ள பீரோவும்தான். இன்று தமிழகப் பள்ளி மாணவர்களின் விவரம் முழுவதும் 'எமிஸ்' எனப்படும் கல்வி மேலாண்மைத் தகவல் முறைமையில் இருக்கிறது. ஒவ்வொரு பிள்ளைக்கும் தனி எண் உண்டு. பள்ளி மாறினாலும் அந்த எண் மாறாது. மாற்றுச் சான்றிதழும் இதன் வழியாகவே தரப்படுகிறது. பழைய பள்ளி தன் கணக்கிலிருந்து விடுவித்தால்தான் புதிய பள்ளி பிள்ளையைத் தன் கணக்கில் சேர்க்க முடியும்.

நம் சமுதாயத்துக்கு இதில் பெரிய சிக்கல் பெயர்தான். முஹம்மது, முகம்மது, முகமது என்று தமிழிலேயே மூன்று விதமாக எழுதுகிறோம். ஆங்கிலத்தில் எத்தனை விதம் என்று சொல்லவே வேண்டாம். பிறப்புச் சான்றிதழில் ஒன்று, ஆதாரில் ஒன்று, பள்ளியில் ஒன்று. மக்தப் பதிவேட்டில் இருப்பது நான்காவது! தந்தை பெயர் ஓரிடத்தில் தலைப்பெழுத்தாகவும் மற்றோரிடத்தில் முழுப் பெயராகவும் இருக்கும். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்கான பெயர்ப் பட்டியல் எமிஸ் விவரத்திலிருந்துதான் தயாராகிறது. அதில் உள்ளதே மதிப்பெண் சான்றிதழில் அச்சாகும். பாஸ்போர்ட், கல்லூரிச் சேர்க்கை, வெளிநாட்டு வேலை என எல்லாம் பிறகு அந்தச் சான்றிதழைத்தான் கேட்கும். பட்டியல் இறுதியாகும் முன் பள்ளியிலேயே திருத்திக்கொள்ளலாம். சான்றிதழ் அச்சான பிறகு அரசுத் தேர்வுகள் இயக்ககம் வரை விண்ணப்பம், ஆவணம், அலைச்சல். ஆகவே ஒன்பதாம் வகுப்பிலேயே பிறப்புச் சான்றிதழோடு போய், திரையில் இருப்பதைக் கண்ணால் பார்த்துவிட்டு வாருங்கள்.

2022 செப்டம்பர் 5 அன்று தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தில், அரசுப் பள்ளியில் 6 முதல் 12ஆம் வகுப்பு வரை படித்த பெண் பிள்ளைகளுக்கு உயர்கல்வியின்போது மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. 2024இல் மாணவர்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் வந்தது. எந்தப் பள்ளியில் எத்தனை ஆண்டு படித்தார் என்பதற்கு இந்தப் பதிவுகள் சரியாக இருப்பது முக்கியம்.

அடுத்தது கைபேசி எண். தந்தை சவூதியிலோ சிங்கப்பூரிலோ இருப்பார். பள்ளியில் கொடுத்த அவருடைய பழைய இந்திய எண் எப்போதோ செயலிழந்திருக்கும். அந்த எண்ணுக்குப் போகும் ஓடிபியும் செய்தியும் யாருக்கும் பயனில்லை. வீட்டில் இருக்கும் தாயின் எண்ணைக் கொடுப்பதில் என்ன தயக்கம்?

வருகைப்பதிவும் இப்போது கைபேசிச் செயலியில்தான். தொடர்ந்து வராத பிள்ளையின் பெயர் தலைமை ஆசிரியருக்குத் தெரிந்துவிடும். தெரிந்ததும் வீட்டுக்குப் போன் செய்கிறாரா என்பதில்தான் தலைமைப்பண்பு இருக்கிறது, செயலியில் இல்லை. பாடம் நடத்த வேண்டிய நேரத்தைப் பதிவேற்றப் பணி தின்றுவிடுகிறது என்று ஆசிரியர் சங்கங்கள் பல ஆண்டுகளாகச் சொல்லி வருவதும் நியாயமே. இணையம் மெதுவாக இயங்கும் ஊரில் அந்தச் சிரமம் இன்னும் கூடும்.

பெற்றோருக்கும் இங்கே இடம் உண்டு. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின்படி அமைந்த பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர், உறுப்பினர்களில் பாதிப் பேர் பெண்கள். கணினி பழுதாகிக் கிடக்கிறதா, பதிவேற்ற ஆள் இருக்கிறதா என்று அந்தக் கூட்டத்தில் கேட்கலாம். பத்தாம் வகுப்பு மாணவர்களின் பெயர், பிறந்த தேதியை ஒரு தாளில் அச்சிட்டுத் தகவல் பலகையில் ஒட்டச் சொல்வதைவிட, ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனியே கொடுத்துக் கையெழுத்து வாங்கச் சொல்லுங்கள். பிள்ளைகளின் விவரம் சுவரில் தொங்க வேண்டியதில்லை.