திரும்பிய உலகம்: அசைவால் ஆடும் விளையாட்டில் இடமும் வலமும்

'த லெஜெண்ட் ஒஃப் செல்டா: ருவைலைற் பிரின்சஸ்' என்ற சாகச விளையாட்டை நின்டென்டோ நிறுவனம் கேம்கியூப் என்னும் தன் பழைய கருவிக்காகவே உருவாக்கத் தொடங்கியது. 2006 நவம்பரில் அது கடைக்கு வந்தபோது, கைவீச்சை உணரும் புதிய கருவியான 'வீ'க்கு ஏற்ப மாற்றப்பட்டிருந்தது. கேம்கியூப் வடிவம் அதற்குப் பின்னரே வந்தது. அவ்வாண்டு மே மாதக் கண்காட்சியில் வாள்வீச்சுக்குப் பொத்தான்தான் இருந்தது. பின்னர் அதை வீயின் கைப்பிடிக் கருவியான ரிமோட்டின் அசைப்புக்கு மாற்றினார்கள். சிக்கல் அங்கே எழுந்தது. நாயகன் லிங்க் இடக்கையில் வாள் பிடிப்பவன். ஆடுவோரில் பெரும்பாலோர் வலக்கைக்காரர். அதனால் நாயகனோடு அவன் உலகம் முழுவதையுமே கண்ணாடிப் பிம்பமாகத் திருப்பிவிட்டார்கள். மேற்கே இருந்த பாலைவனம் கிழக்கே போயிற்று.

இதை வெறும் தொழில்நுட்பச் சமாளிப்பு என்று கடந்துவிட நான் உடன்படவில்லை. பொத்தானுக்கு இடமும் இல்லை, வலமும் இல்லை. கை கதைக்குள் நுழைந்தவுடனே இரண்டும் பொருள் பெறுகின்றன. அப்பொருளை முடிவுசெய்வது கருவியன்று, கதை பிறந்த மண்.

வட இலங்கையின் வன்னியில் நின்று இதைச் சோதிக்கலாம். மதுரையை எரித்த கண்ணகி இலங்கைக்கு வந்து, தங்கிச் சென்ற பத்தாவது இடமே வற்றாப்பளை என்பது நந்திக்கடலோர மக்களின் ஐதிகம். 'பத்தாப்பளை' மருவி வற்றாப்பளை ஆயிற்று என்பார்கள். வைகாசிப் பொங்கலுக்குக் கிழக்கே முல்லைத்தீவுக் கடலில் மொண்டுவரும் உப்புநீரில்தான் அங்கே விளக்கெரிகிறது என்பதும் அவர்கள் நம்பிக்கை. இக்கதையைக் கையசைவால் ஆடும் சாகச விளையாட்டாக்கினால் என்ன ஆகும்? சிலப்பதிகாரத்தில் கண்ணகி திருகி எறிவது இடமுலையை. எறியுமுன் அவள் மதுரையை மும்முறை வலமாகச் சுற்றுகிறாள். கணவனோடு கிழக்கு வாயிலால் புகுந்தவள், மேற்கு வாயிலால் தனியே வெளியேறுகிறாள். ஆடுபவரின் சோற்றுக்கைக்காக இவ்வுலகைத் திருப்பினால் வலம் இடமாகும். புகுந்த வாயிலும் நீங்கிய வாயிலும் மாறிவிடும். விளக்குக்குரிய நீர் மேற்கிலிருந்து வரும். லிங்கின் உலகு கற்பனை நாடு, திருப்பினால் தாங்கும். கண்ணகியின் உலகு தாங்காது.

அப்படியானால் உலகை விட்டுவிட்டு ஆடுபவரின் கையையே கதைக்கு ஏற்பத் திருத்தலாமா? வன்னியில் இக்கேள்விக்கு வேறொரு கனம் உண்டு: அது போர் கண்ட மண். ருவைலைற் பிரின்சஸ் வெளிவந்த மாதத்தில் ஏ9 வீதி முகமாலையில் மூடிக் கிடந்தது. அந்த ரிமோட்டுக்கு இரண்டு சிறு பற்றரிகள் வேண்டும். தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடையில் பற்றரியே வன்னிக்கு வர விடப்படாத பொருள், சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டது இம்மண். 2009 மே மாதத்தில் போர் முடிந்த பின்னரோ, கையையோ காலையோ இழந்தவர் இல்லாத ஊரைக் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் காண்பது அரிது. வீயில் ஒரு கைக்கு ரிமோட், மறு கைக்கு நுன்சக் என்ற துணைக்கருவி. பழைய பொத்தான் கருவியும் இரு கைக்கானதே. ஆனாலும் அதை மடியில் வைத்து ஒரு கையால் சமாளிக்க முயலலாம். காற்றில் வீச வேண்டிய வாளை மடியில் வைக்க முடியாது. பெரும்பாலோரின் கையை அளவாகக் கொண்ட முடிவு, கையே இல்லாதவரை எண்ணிப் பார்க்கவில்லை.

நின்டென்டோவின் பிற்கால நடவடிக்கைகள் இவ்வாதத்துக்கு வலுச் சேர்க்கின்றன. 2011இல் வந்த 'ஸ்கைவேர்ட் சோர்ட்' விளையாட்டில் லிங்க்கே வலக்கைக்காரனாகப் படைக்கப்பட்டான். 2016இல் ருவைலைற் பிரின்சஸ் 'வீ யூ' கருவிக்கு வந்தபோது, சாதாரண ஆட்டத்தில் உலகம் பழைய திசைக்குத் திரும்பியது, வாளும் பொத்தானுக்குத் திரும்பியது. 2021இல் ஸ்கைவேர்ட் சோர்ட் சுவிட்ச் கருவிக்கு வந்தபோது, வாளை வீசியும் ஆடலாம், கட்டைவிரலால் குமிழைத் தள்ளியும் ஆடலாம் என்றானது. 2006இலும் 2011இலும் வந்தவை உலகையோ நாயகனையோ மாற்றிய தீர்வுகள். கடைசியாக வந்ததே சரியானது. அது கதையைத் தொடவில்லை, தெரிவை ஆடுபவரிடம் விட்டது.

கிளிநொச்சி அறிவியல்நகரிலும் வவுனியாப் பல்கலைக்கழகத்திலும் கணினி கற்கும் மாணவருள் யாரேனும் நாளை வற்றாப்பளைக் கதையை விளையாட்டாக்க முனையலாம். அவர்களிடம் ஒரு வேண்டுகோள்: திசைகளைத் தொடாதீர்கள். வாள், சிலம்பு, விளக்கு எதுவானாலும் ஒரு கையாலும் ஏந்தக்கூடியதாகச் செய்யுங்கள். எந்தக் கை என்பதை ஆட்டம் தொடங்குமுன் ஆடுபவரிடமே கேளுங்கள்.