எறும்பு வரட்டும்னு காத்திருக்காதீங்க

1/ "எனக்கு எப்படி டாக்டர் சுகர் இருக்கும்? பாத்ரூம்ல ஒரு எறும்பு கூட மொய்க்கலையே!"

ஐம்பதைத் தாண்டியவர். கையில் இருந்த ரிப்போர்ட்டில் வெறும் வயிற்றுச் சர்க்கரை 168. அவரைக் குறை சொல்ல முடியாது. மருத்துவ உலகமே பல நூறு வருஷம் அப்படித்தான் நினைச்சது.

2/ நீரிழிவு, மதுமேகம். பெயரையே பாருங்க, ரெண்டும் சிறுநீரைத்தான் சொல்லுது. இனிப்பான சிறுநீரை எறும்பு தேடி வருவதை நம் பழைய வைத்தியர்கள் கவனித்திருந்தார்கள். 17ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் தாமஸ் வில்லிஸ், அது தேன் போல இனிக்கிறது என்று எழுதினார். ஆமாங்க, ருசி பார்த்துத்தான்!

3/ 1776, லிவர்பூல். மேத்யூ டாப்சன் என்ற மருத்துவர் ஒரு நோயாளியின் சிறுநீரைச் சுண்டக் காய்ச்சினார். அடியில் வெள்ளையாக ஒரு கட்டி. வாயில் வைத்தால் சர்க்கரை! அதோடு விடலை. ரத்தத்திலிருந்து பிரியும் சீரமும் இனிக்குதுன்னு கண்டுபிடிச்சார். அதாவது, சர்க்கரை முதலில் ரத்தத்தில் ஏறுது. சிறுநீரில் வருவது அதன் வழிசல்.

4/ ஆனா ரத்தத்தைத் தினமும் அளக்க எளிய வழி இல்லை. அதனால் 20ஆம் நூற்றாண்டிலும் சோதனைக்குழாயில் பெனடிக்ட் கரைசல், சில சொட்டு சிறுநீர், சூடு. நீலம்னா நிம்மதி. செங்கல் சிவப்புன்னா ஆபத்து.

5/ இதில் என்ன சிக்கல்? சிறுநீரகம் ஏரிக் கலங்கல் மாதிரி. ரத்தச் சர்க்கரை சுமார் 180ஐத் தாண்டினால்தான் பலருக்கும் வெளியே வழியும். 168ல் நிற்கும்போது கரைசல் நீலம்தான், எறும்பும் வராது. ஆனா கண், சிறுநீரகம், நரம்பு எல்லாம் உள்ளுக்குள்ள அடி வாங்கிட்டே இருக்கும்.

6/ 1969. அமெரிக்காவில் ரிச்சர்ட் பெர்ன்ஸ்டீன் என்ற இன்ஜினியர். 12 வயதிலிருந்து டைப் 1 நீரிழிவு. ரத்தச் சர்க்கரையை அளக்கும் கருவி அப்பதான் வந்திருந்தது. எடை ஒரு கிலோவுக்கு மேல். டாக்டர்களுக்கு மட்டும்தான் விற்பனை! அவர் மனைவி டாக்டர், அதனால அவர் பெயரில் வாங்கினார். தினம் பலமுறை குத்திப் பார்த்து, சாப்பாட்டையும் இன்சுலினையும் மாற்றினார். உடம்பு தேறியது. கட்டுரையாக எழுதினால் மருத்துவ இதழ்கள் திருப்பி அனுப்பின. மனுஷன் விடலையே, 40 வயசுக்கு மேல மெடிக்கல் காலேஜ்ல சேர்ந்து டாக்டரே ஆயிட்டார்.

7/ இன்னைக்கு அந்தக் கருவி நம்ம சட்டைப் பையில் அடங்குது. அதனால:

* வெறும் வயிற்றில் 100-125 என்றால் எச்சரிக்கை மணி. 126ம் அதற்கு மேலும் என்றால் இன்னொரு பரிசோதனையில் உறுதி செய்யணும்.
* அடங்காத தாகம், ராத்திரி அடிக்கடி எழுவது, காரணமில்லாத எடைக்குறைவு, ஆறாத புண் இருந்தால் உடனே பாருங்க.
* சர்க்கரை ஏறியிருக்கும்போது வாந்தி, வயிற்றுவலி, வேக மூச்சு, குழப்பம் வந்தால் வீட்டில் இருக்காதீங்க, ஆஸ்பத்திரிக்குப் போங்க.
* இன்சுலினை நீங்களா நிறுத்தாதீங்க.

8/ அந்த எறும்பு அண்ணனைக் கண் பரிசோதனைக்கு அனுப்பினேன். விழித்திரையில் பாதிப்பு ஆரம்பிச்சிருந்தது. நல்லவேளை, ஆரம்பம்தான்.

முப்பது வயசைத் தாண்டிட்டீங்களா? அறிகுறி எதுவும் இல்லைன்னாலும் ஒரு தடவை ரத்தத்தில் பார்த்துடுங்க.